கை நடுக்கம்: மாத்திரையா, டிபிஎஸ்ஸா, ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டா?

"கத்தி வைக்காமலேயே கை நடுக்கத்தை நிறுத்திவிடுகிறார்களாமே, அப்பாவுக்குச் செய்யலாமா?" கும்பகோணத்தில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் மன்னார்குடி, பாபநாசம், மயிலாடுதுறை என்று எல்லாப் பக்கமிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது. அவர்கள் கேட்பது ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டை, ஒலி அலைகளைக் குவித்து மூளையில் ஒரு நடுக்கப் புள்ளியைச் சுடும் சிகிச்சையை. கூடவே வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வீடியோவும் வரும். காலையில் சுருள் போடச் சொன்னால் தாள் முழுக்கக் கிறுக்குகிறவர், மதியத்துக்குள் அதே சுருளை நேர்த்தியாகப் போடுகிறார். அந்த மாதிரி வீடியோக்களில் பொய்யில்லை. ஆனால் வீடியோவில் இருப்பவருக்குப் பொருந்தியது உங்கள் அப்பாவுக்கும் பொருந்துமா என்பதற்கு வீடியோவில் பதில் கிடையாது.

நடுக்கத்துக்கு இன்று நம் முன்னால் மாத்திரை, மூளைக்குள் மின்கம்பி வைத்துத் தூண்டும் டிபிஎஸ் (டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்), ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட் என்று நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது புதிது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு வரப்போகும் வருடங்களில் எதோடு வாழ முடியும் என்று பார்ப்பதுதான் சரி என்பது என் கருத்து. டெல்டாவில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். பெரிய மூளை சிகிச்சை என்றால் நாம் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ ரயில் ஏற வேண்டியவர்கள்.

## முதலில், இது எந்த நடுக்கம்?

எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் இல்லை. வயதானவர்களின் கை நடுக்கத்தில் பெரும்பங்கு எசென்ஷியல் ட்ரெமர் என்ற வேறு ஒன்று. கை சும்மா மடியில் இருக்கும்போது ஆடாது. டவராவிலிருந்து டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது ஆடும், உதட்டை நெருங்க நெருங்க அதிகமாகும். பெரும்பாலும் இரண்டு கையிலும் இருக்கும், ஒரு கையில் கூடுதலாக. "எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்று குடும்பத்தில் யாராவது சொல்வார்கள். சிலருக்குத் தலையும் குரலும் சேர்ந்து நடுங்கும்.

பார்க்கின்சன் நடுக்கம் இதற்கு எதிர்ப்பக்கம். கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரையை உருட்டுவது போன்ற அசைவில். ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும். நடை மெதுவாகும், உடம்பு விறைக்கும், கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். எசென்ஷியல் ட்ரெமரில் எழுத்து பெரிதாகி, கோணல்மாணலாகும்.

இவை இரண்டும் இல்லாமல், தைராய்டு கூடியிருந்தாலும் கை நடுங்கும். இளைப்புக்கு அடிக்கும் சால்பியூட்டமால், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம் ஆகியவையும் நடுக்கம் தரும். ரத்தப் பரிசோதனையிலும் மருந்துச் சீட்டிலும் முடிந்துவிடக்கூடிய விஷயத்துக்கு மூளைக்குள் போகக்கூடாது. இதைச் சரிபார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம்.

இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் பேசுவது எசென்ஷியல் ட்ரெமர் பற்றி. ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டுக்கு மூளையில் முதன்முதலாக அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, 2016இல், இந்த நோய்க்குத்தான். 2018இல் நடுக்கம் மேலோங்கிய பார்க்கின்சனுக்கும் அனுமதி வந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நடுக்கத்தால் எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று. கல்யாணப் பந்தியில் ரசம் இலைக்கு வெளியே சிந்துகிறது என்று பந்திக்கே போகாமல் இருப்பவர் உண்டு. கூட்டுறவு வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பயிர்க்கடன் தாமதமானவர் உண்டு. கை நடுங்கினாலும் எந்த வேலையும் நிற்கவில்லை, பார்க்கிறவர்கள்தான் விசாரிக்கிறார்கள் என்பவரும் உண்டு. கடைசியாகச் சொன்னவருக்கு மூளையில் எதுவும் செய்யத் தேவையில்லை.

அடுத்தது, ஒரு கை போதுமா, இரண்டு கையும் வேண்டுமா என்பது. பிறகு, செய்ததைப் பின்னால் மாற்ற முடியுமா. மண்டையோடு, இதயம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, உடம்பில் இருக்கும் உலோகம் போன்றவை குறுக்கே நிற்குமா. எத்தனை வருடம், எத்தனை முறை திரும்பத் திரும்பப் போகவேண்டும், கூட யார் வருவார்கள். முதல் பில்லில் வராத செலவு என்ன. இந்தக் கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## மாத்திரை

எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ப்ரொப்ரனலால், ப்ரிமிடோன் இரண்டும் முதல் வரிசை மருந்துகள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல பலன் தெரியும். அவர்களுக்கும் நடுக்கம் முழுதாக நிற்காது, பாதியாகக் குறையும். அது போதும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

"மாத்திரை கேட்கவில்லை" என்று சொல்பவர்களின் சீட்டை வாங்கிப் பார்த்தால், பல நேரம் குறைந்த அளவில் இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியிருப்பார்கள். இந்த மருந்துகளை டாக்டர் படிப்படியாகத்தான் ஏற்றுவார், அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். நாமாக ஏற்றவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் இதயத் துடிப்பு மெதுவாக இருப்பவர்களுக்கும் ப்ரொப்ரனலால் ஆகாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை அது மறைத்துவிடும், வியர்வைதான் எச்சரிக்கையாக மிஞ்சும். ப்ரிமிடோன் ஆரம்பத்தில் தூக்கமும் தலைசுற்றலும் தரும்.

இதோடு என் தொழில் சார்ந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதக் கப்பைவிடக் கனமான எவர்சில்வர் டம்ளர் கையில் நிதானமாக நிற்கும். அரை டம்ளர் மட்டும் ஊற்றி, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு குடித்தால் பாதிப் பேருக்குச் சட்டை நனையாது. ஒரு ஸ்ட்ரா இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு மருந்தையும் போதிய அளவில், போதிய காலம் எடுத்தும் சாப்பிட, எழுத, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால்தான் அடுத்த வழிகளைப் பற்றிப் பேச்சு.

## டிபிஎஸ்: மூளைக்குள் கம்பி, நெஞ்சில் பேட்டரி

1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனாபிட், போலாக் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிவைத்த முறை இது. மண்டையோட்டில் சிறு துளை போட்டு, தலாமஸ் என்ற பகுதியில் ஒரு நடுக்கப் புள்ளிக்கு மெல்லிய மின்கம்பியை இறக்குவார்கள். காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரி வைத்து, கழுத்து வழியாக ஒயரில் இணைப்பார்கள். பேட்டரி ஓடும்வரை நடுக்கம் அடங்கியிருக்கும்.

இதன் பெரிய பலம், இரண்டு பக்கமும் வைக்கலாம். மின்சாரத்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், பேச்சு குழறினால் மாற்றலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். நோய் வருடாவருடம் முற்றும்போது அதோடு சேர்ந்து அமைப்பையும் மாற்றிக்கொண்டே போக முடிகிற வழி, மூளையில் செய்யும் சிகிச்சைகளில் இது ஒன்றுதான். முப்பது, நாற்பது வயதில் நடுக்கம் வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பயப்பட வேண்டியது என்ன? மண்டையைத் துளைப்பதால் நூற்றில் ஒருவர் இருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஆகலாம். நூற்றில் சிலருக்குக் கம்பியிலோ பேட்டரி இருக்குமிடத்திலோ கிருமி பற்றலாம், சில சமயம் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும்.

மறைமுகச் செலவு பேட்டரியில் ஆரம்பிக்கிறது. சார்ஜ் ஏற்ற முடியாத பேட்டரி பொதுவாக 3 முதல் 5 வருடம் ஓடும். அப்புறம் சின்ன அறுவை சிகிச்சை செய்து புதிது வைக்க வேண்டும். அந்தச் செலவு அன்றைக்கு யார் தலையில்? சார்ஜ் ஏற்றும் பேட்டரி பல வருடம் உழைக்கும், ஆனால் விலை கூடுதல், மறக்காமல் சார்ஜ் போட வீட்டில் ஆள் வேண்டும். எசென்ஷியல் ட்ரெமர்காரர்கள் இரவில் அணைத்துவைத்தால் பேட்டரி கொஞ்சம் நீடிக்கும்.

இரண்டாவது, பயணம். அறுவை முடிந்து சில வாரம் கழித்து மின்சார அளவை அமைக்கத் தொடங்குவார்கள். முதல் ஆறு மாதத்தில் பலமுறை போகவேண்டியிருக்கும். உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ இரவில் ஏறி எழும்பூரில் இறங்கி, மாலை வரை மருத்துவமனையில் இருந்து, மறுபடி இரவு ரயில். துணைக்கு வருபவருக்கும் அதே அலைச்சல். அறுவடை நேரத்தில் இதற்கு மகனையோ மகளையோ கூப்பிட முடியாமல் தவிக்கும் குடும்பங்களை நான் பார்க்கிறேன்.

மூன்றாவது எங்கள் கிளினிக்குகளில் இருக்கிறது. முட்டிவலிக்கு நாங்கள் கொடுக்கும், ரேடியோ அலையால் உள்ளே சூடேற்றும் ஷார்ட்வேவ் டயாதெர்மியை, டிபிஎஸ் வைத்தவருக்கு எங்கேயும் கொடுக்கக்கூடாது. முட்டிக்குத்தானே, தலைக்கு இல்லையே என்று நினைக்க வேண்டாம். அந்த அலை உடம்பில் இருக்கும் கம்பியைப் பற்றிக்கொண்டு, மூளைக்குள் இருக்கும் அதன் நுனியைச் சூடேற்றும். உலகில் இப்படி நிரந்தர மூளைப் பாதிப்பும் மரணமும் நேர்ந்திருக்கின்றன. முட்டிக்கும் தோளுக்கும் வைக்கும் சாதாரண சிகிச்சை அல்ட்ராசவுண்டும் இதே தடையில் அடக்கம். நம் ஊர்களில் அறுபது வயதுக்கு மேல் முட்டிவலி இல்லாதவர் அபூர்வம். கடைத்தெருவுக்கு ஒரு பிசியோ கிளினிக் இருக்கிறது. சட்டைக்குள் இருக்கும் பேட்டரியைப் பற்றி நோயாளி சொல்லாமல் விட்டு, தெரபிஸ்டும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. டிபிஎஸ் வைத்தவர் அதற்கான அட்டையை எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும், பல் டாக்டரிடமும், வேறு எந்த அறுவைக்கும் முன்பும் காட்ட வேண்டும்.

## ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட்

கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கிற அதே வகை ஒலி அலைதான், ஆனால் பயன்படுத்தும் விதம் வேறு. தலையைச் சுற்றி மாட்டும் பெரிய ஹெல்மெட் ஒன்றில் 1,024 ஒலிமூலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அனுப்பும் அலை தனியாக மூளையை ஒன்றும் செய்யாது. எல்லாம் தலாமஸில் உள்ள அதே நடுக்கப் புள்ளியில், ஒரே நேரத்தில் சேரும்போது அங்கே வெப்பம் 55 டிகிரிக்கு மேல் ஏறி, சில மில்லிமீட்டர் அளவுக்குத் திசு வெந்து செயலிழக்கிறது. திருவாரூர் ஆழித்தேரை வடம் பிடித்து இழுப்பதை யோசித்துப் பாருங்கள். ஆயிரம் பேர் இருந்தும் ஆளுக்கொரு நொடியில் இழுத்தால் தேர் அசையாது, சேர்ந்து ஒரே மூச்சில் இழுத்தால்தான் நகரும்.

அந்த "ஒரே மூச்சு" விஷயத்தில்தான் இந்த வைத்தியம் பல பத்தாண்டுகள் தேங்கி நின்றது. மண்டையோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இல்லை. அலைகளை உறிஞ்சும், தாமதப்படுத்தும், சிதறடிக்கும். 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை சகோதரர்கள் மூளைக்கு அல்ட்ராசவுண்ட் கொடுத்தபோது, மண்டையோட்டில் ஒரு துண்டை முதலில் எடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் சிடி ஸ்கேனில் ஒவ்வொருவரின் மண்டையோட்டையும் அளந்து, ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனித் தாமதம் கணக்கிடும் வழி வந்தது. வெப்பம் எங்கே எவ்வளவு ஏறுகிறது என்று எம்ஆர்ஐயில் அவ்வப்போதே பார்க்கும் வழியும் வந்தது. அதன் பிறகுதான் மண்டையைத் திறக்காமல் செய்ய முடிந்தது.

அன்றைய தினம் எப்படிப் போகும்? தலையை முழுதாக மழித்துவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, நான்கு இடத்தில் திருகி ஒரு உலோகச் சட்டத்தைத் தலையில் பொருத்துவார்கள். எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் குளிர்ந்த தண்ணீரைச் சுழல விடுவார்கள். மயக்கம் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் உங்கள் கைதான் அங்கே அளவுகோல். முதலில் குறைந்த வெப்பத்தில் தற்காலிகமாக அந்த இடத்தைச் சோதிப்பார்கள். சுருள் வரையச் சொல்வார்கள், விரல் மரக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று கேட்பார்கள். சரியான புள்ளி என்று உறுதியானதும் முழு வெப்பம். ஒவ்வொரு முறையும் சில நொடிகள்தான், ஆனால் எல்லாம் முடிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். தலைவலி, குமட்டல், மிதப்பது போன்ற உணர்வு நடுநடுவே வரும். குறுகிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மொட்டை விஷயம் ஆண்களுக்குப் பெரிதாகத் தெரியாது. பெண்களுக்கு அப்படியில்லை, அதுவும் கணவர் இருக்கும்போது என்று வீட்டில் பெரியவர்கள் தயங்குவார்கள். "வைத்தீஸ்வரன்கோயில் வேண்டுதல்னு நினைச்சுக்கிட்டேம்மா" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அந்தத் துணிவு எல்லோருக்கும் வராது. முன்பே வீட்டில் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

பலன் எவ்வளவு? 2016இல் வெளிவந்த முக்கியமான ஆய்வில் 76 பேர் இருந்தார்கள். சிலருக்கு உண்மையான சிகிச்சை, சிலருக்கு வெறும் பாவனை. மூன்று மாதத்தில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் கை நடுக்க மதிப்பெண் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது. பாவனைக் குழுவில் மாற்றமே இல்லை. ஓராண்டில் அந்தப் பலன் 40 சதவீதமாக இருந்தது. சிலருக்கு நடுக்கம் ஓரளவு திரும்பி வரும், பலருக்குப் பல வருடம் நீடிக்கும்.

பாதகமும் அதே ஆய்வில் இருக்கிறது. 36 சதவீதம் பேருக்கு நடை தள்ளாடியது, 38 சதவீதம் பேருக்கு உதடு, நாக்கு, விரல்நுனி போன்ற இடங்களில் மரத்துப்போனது. பெரும்பாலும் இது வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் ஓராண்டுக்குப் பிறகும் 9 சதவீதம் பேருக்கு நடைத் தள்ளாட்டமும் 14 சதவீதம் பேருக்கு மரப்பும் இருந்தன. நகரத்துச் சமதளத்தில் லேசான தள்ளாட்டம் சமாளிக்கக்கூடியது. ஈர வரப்பிலும் பாசி பிடித்த படித்துறையிலும் அதே தள்ளாட்டம் இடுப்பெலும்பை உடைத்துவிடும். முதல் சில வாரங்களுக்கு வரப்பு நடை, ஆற்றுக் குளியல், டூவீலர் மூன்றும் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

"கத்தி இல்லை" என்பதை "காயம் இல்லை" என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மூளைக்குள் ஒரு சிறு புண்ணை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். அதைத் திரும்பப் பெற முடியாது. டிபிஎஸ்ஸில் அளவைக் குறைக்கலாம், இங்கே குறைக்க ஒன்றும் இல்லை.

அதோடு, இது ஒரு பக்க வைத்தியம். இரண்டு பக்கமும் திசுவை அழித்த பழைய காலத்து அறுவைகளில் பேச்சும் விழுங்குவதும் கெட்டது, அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. 2022 டிசம்பரில்தான் இரண்டாவது பக்கத்துக்கு எஃப்டிஏ அனுமதி வந்தது, அதுவும் முதல் பக்கம் முடிந்து குறைந்தது ஒன்பது மாதம் கழித்து. தலை நடுக்கமும் குரல் நடுக்கமும் ஒரு பக்கச் சிகிச்சையில் பெரிதாக மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு வாசல் மண்டையோடு. அதன் வெளி அடுக்குக்கும் நடுவிலுள்ள பஞ்சு போன்ற அடுக்குக்கும் உள்ள அடர்த்தி விகிதத்தை சிடி ஸ்கேனில் அளப்பார்கள். பொதுவாக 0.4க்குக் கீழே போனால் போதிய வெப்பம் ஏறாது. இது உங்கள் தவறோ சத்துக் குறைவோ இல்லை, பிறவி அமைப்பு. இதைத் தெரிந்துகொள்ள அட்மிஷன் தேவையில்லை, அந்த மருத்துவமனை சொல்லும் முறைப்படி ஒரு சிடி எடுத்தால் போதும். லாட்ஜ் போட்டு, சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு போய், மண்டையோடு ஒத்துவராது என்று திரும்பி வருவதைவிட அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பொருந்திவிட்டால் டெல்டாக்காரருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. உடம்பில் எந்தப் பொருளும் இல்லை. பேட்டரி மாற்ற வேண்டாம், அளவு அமைக்க ரயில் ஏற வேண்டாம். முட்டிவலிக்கு நான் டயாதெர்மி கொடுக்கலாம். ஓரிரு இரவு தங்கல், பிறகு சில பரிசோதனைப் பயணங்கள், அவ்வளவுதான்.

## காமா நைஃப், பழைய சூட்டு ஊசி

காமா நைஃப் என்பது கோபால்ட் கதிர்களை அதே புள்ளியில் குவிப்பது. துளை இல்லை, மண்டையோட்டு அடர்த்தி பற்றிக் கவலை இல்லை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்த முடியாத இதய நோயாளிக்கும் யோசிக்கலாம். ஆனால் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே புள்ளியைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. சிலருக்குப் புண் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகலாம்.

மண்டையில் துளையிட்டு ஊசி முனையைச் சூடாக்கி அதே இடத்தைச் செயலிழக்கச் செய்யும் ரேடியோ அதிர்வெண் முறை பல பத்தாண்டுப் பழசு. விலை உயர்ந்த பொருள் எதையும் உடம்பில் வைப்பதில்லை என்பதால் செலவு குறைவு. பணம் பெரிய தடை என்றால், அனுபவமுள்ள அரசு நரம்பு அறுவைப் பிரிவில் இதைப் பற்றியும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மாத்திரை | டிபிஎஸ் | ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்ட் | காமா நைஃப் |
|---|---|---|---|---|
| மண்டையில் துளை | இல்லை | உண்டு | இல்லை | இல்லை |
| பலன் தெரிவது | வாரங்களில் | அமைத்த பிறகு | அன்றே | மாதங்களில் |
| இரண்டு கைக்கும் | ஆம் | ஆம் | முதலில் ஒரு பக்கம் | பெரும்பாலும் ஒரு பக்கம் |
| பின்னால் மாற்ற | முடியும் | முடியும் | முடியாது | முடியாது |
| தொடர் பயணம் | உள்ளூரிலேயே | அதிகம் | குறைவு | குறைவு |
| மறைவான செலவு | மாதாமாதம் கொஞ்சம் | பேட்டரி, துணையாள், பயணம் | மண்டையோடு ஒத்துவராமல் போவது, இரண்டாவது பக்கம் | காத்திருப்பு, ஸ்கேன்கள் |
| தடை | ஆஸ்துமா, மெதுவான இதயத் துடிப்பு | அறுவை தாங்காத உடம்பு | மண்டையோட்டு அடர்த்தி, எம்ஆர்ஐ ஆகாத பேஸ்மேக்கர் | உடனடிப் பலன் தேவைப்படுவோர் |

## பணம்

டிபிஎஸ்ஸும் ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டும் லட்சங்களில் ஆகும் சிகிச்சைகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான். உங்கள் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில் கேட்ட பிறகே மேற்கொண்டு நகருங்கள்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் என்று 12 இருந்தன. டிபிஎஸ் அதில் பெயரோடு இருந்தது. காமா நைஃப் அடங்கும் கதிர்வீச்சு அறுவையும் இருந்தது. உயர்தீவிர ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டும் இருந்தது, ஆனால் கருப்பை ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையோடு ஒரே வரியில். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "இது கருப்பைக் கட்டிக்கு, மூளைக்கு இல்லை" என்று வாதாட இடம் இருக்கிறது. இந்தச் சிகிச்சைகளுக்கு உச்சவரம்பு வைக்கவும் அதில் நிறுவனங்களுக்கு அனுமதி இருந்தது. முன் அனுமதியை எழுத்தில், தொகையோடு வாங்காமல் அட்மிட் ஆகாதீர்கள்.

## "மறதிக்கும் மன அழுத்தத்துக்கும் அல்ட்ராசவுண்ட்" என்றால்?

இது வேறு கதை. நடுக்கத்துக்குச் செய்வது திசுவைச் சுடும் உயர்தீவிர அலை. குறைந்த தீவிரத்தில் கொடுத்தால் திசு வேகாது. அலையின் அழுத்தம் நரம்பு செல்களின் சவ்வைத் தூண்டி அவற்றின் செயல்பாட்டைக் கொஞ்ச நேரம் கூட்டியோ குறைத்தோ வைக்கிறது. தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்துக் கொடுக்கும் காந்தத் தூண்டல் மூளையின் மேற்பரப்பை ஒட்டிய பகுதிகளைத்தான் எட்டும், இது ஆழத்துக்கும் போகும், அதுவும் துல்லியமாக. மன அழுத்தம், நாள்பட்ட வலி, வலிப்பு, போதைப் பழக்கம் என்று பலவற்றில் சோதித்துப் பார்க்கிறார்கள். நுண்குமிழிகளை ரத்தத்தில் செலுத்தி, ரத்தத்தில் இருப்பதை எளிதில் மூளைக்குள் விடாத தடுப்பை அல்ட்ராசவுண்டால் சிறிது நேரம் திறந்து, அல்சைமர் மருந்தை உள்ளே அனுப்பும் ஆய்வும் நடக்கிறது. 2024இல் வெளிவந்த அதன் முக்கிய அறிக்கையில் இருந்தவர்கள் மூன்றே பேர்.

எனக்கு இந்தத் துறையில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் இன்றைக்கு இது ஆராய்ச்சி, சிகிச்சை இல்லை. உங்கள் அம்மாவின் மறதிக்கு யாராவது காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்ய முன்வந்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முறையான ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவெண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், தமிழில் ஒப்புதல் படிவம் தருவார்கள், ஆய்வுச் சிகிச்சைக்குக் காசு கேட்க மாட்டார்கள், பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று எழுதியிருப்பார்கள். மருந்துக்கு அடங்காத மன அழுத்தத்துக்குக் காந்தத் தூண்டலை எஃப்டிஏ 2008லேயே ஏற்றுக்கொண்டது. மனநல மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

"உங்ககிட்ட முட்டிக்கு வைக்கிற மெஷின் இருக்கே, அதையே தலையில வச்சா என்னம்மா?" என்றும் கேட்கிறார்கள். கூடாது. அதில் குவிப்பும் இல்லை, எங்கே போகிறது என்று பார்க்க எம்ஆர்ஐயும் இல்லை.

## யாருக்கு எது

எழுபது தாண்டியவர், வலது கைதான் பிரச்சினை, சாப்பாடும் கையெழுத்தும் நின்றுவிட்டன, மருந்து கேட்கவில்லை, சென்னைக்கு அடிக்கடி கூட்டிப்போக ஆளில்லை. மண்டையோடு ஒத்துவந்தால் இவருக்கு நான் தயங்காமல் ஃபோகஸ்டு அல்ட்ராசவுண்டைப் பற்றிக் கேட்கச் சொல்வேன். நடை ஏற்கெனவே தள்ளாட்டமாக இருந்தால் மட்டும் இருமுறை யோசிப்பேன்.

சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலைக்கு நுணுக்க வேலை செய்யும் ஒருவர் வந்தார், வயது ஐம்பதுக்குள். இடது கை உளியைப் பிடிக்கும், வலது கை சுத்தியலைத் தட்டும். கண்ணிமைக் கோடு செதுக்கும்போது உளி ஒரு நூல் விலகினாலும் முகமே மாறிவிடும் என்றார். சாப்பிடுவது வலது கையில், பிழைப்பு இரண்டு கையிலும். ஒரு கையை மட்டும் சரிசெய்யும் வழி இவருக்குப் பாதி வழிதான். இன்னும் பல வருடம் வேலை செய்ய வேண்டியவர் என்பதால் முற்றும் நோயோடு சேர்ந்து மாற்றக்கூடியதும் வேண்டும். டிபிஎஸ் பற்றித்தான் முதலில் விசாரிக்கச் சொன்னேன், பேட்டரி பற்றிய எல்லா எச்சரிக்கைகளோடும். அவர் பட்டறையில் ஆர்க் வெல்டிங் நடக்கும் என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன், ஏனென்றால் வலுவான மின்காந்தப் புலம் அந்தக் கருவிக்கு ஆகாது.

பார்க்கின்சன் என்றால், நடுக்கத்தோடு விறைப்பும் மந்தமும் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். நடுக்கம் ஒன்றை மட்டும் நிறுத்துவது அங்கே பெரும்பாலும் போதாது. மருந்தின் பலன் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கித் தொல்லை தருகிற கட்டத்தில் டிபிஎஸ்ஸுக்குத்தான் அனுபவம் அதிகம். அதிலும் இலக்குப் புள்ளி வேறு. இதை நடுக்க நோய்களுக்கென்றே பிரிவு வைத்திருக்கும் மருத்துவமனையில் பேசுங்கள்.

## போகும்போது

கை நடுங்குவதை வீட்டிலேயே செல்போனில் எடுத்து வையுங்கள். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கையெழுத்துப் போடுவது, சாதம் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது. டாக்டர் முன்னால் பதற்றத்தில் கூடவோ குறையவோ செய்யும், வீட்டு வீடியோதான் நிஜம். இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்தின் பெயரும் அளவும் காலமும் ஒரு தாளில் இருக்கட்டும்.

அங்கே இதைக் கேளுங்கள்: இந்தச் சிகிச்சையை உங்கள் குழு இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது, அதில் ஓராண்டுக்குப் பிறகும் நடை தள்ளாட்டம் இருந்தவர்கள் எத்தனை பேர்? என் மண்டையோட்டு விகிதம் எவ்வளவு? பலன் குறைந்துபோனால் அடுத்து என்ன செய்வீர்கள், அதற்குத் தனிக் கட்டணமா? பேட்டரி என்றால் எந்த வகை, மாற்றும் நாளில் இன்றைய விலையில் எவ்வளவு? ஊருக்குப் போன பிறகு ராத்திரியில் வாய் குழறினாலோ நடக்க முடியாமல் போனாலோ தஞ்சாவூரிலோ திருச்சியிலோ யாரைப் பார்க்க வேண்டும்? கடைசிக் கேள்விக்கான பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.